நவம்பரில் நிற்கும் புல்

விஸ்கான்சின் மாநிலத்தின் தென்மேற்குப் பகுதி, பனியுகத்தில் பனிப்பாறைகள் படராமல் தப்பிய குன்றுகளும் பள்ளத்தாக்குகளும் நிறைந்த பூமி. அங்கே மான் வேட்டைக்கென நிலம் வைத்திருப்பவர்களுக்கு அக்டோபர் மாதக் கடைசி கவலையோடுதான் வரும். அதுவரை சாலைக்கும் காட்டுக்கும் இடையில் ஆளுயரத்துக்கு மேல் நின்ற மக்காச்சோளம் அறுவடையாகிவிடும். ஓக், மேப்பிள் மரங்கள் இலை உதிர்த்து நிற்கும். கோடை முழுவதும் வெளியார் கண்ணுக்குத் தெரியாமல் இருந்த நிலம், சில வாரங்களுக்குள் ஒரு முனையில் நின்றால் மறுமுனை தெரியும் வெட்டவெளியாகிவிடும். மான்கள் இணைசேர்வதும், கிடாக்கள் பகலிலேயே அலையத் தொடங்குவதும், வேட்டைப் பருவம் உச்சத்தை அடைவதும் அதே நாட்களில்தான். மறைவு மிகவும் தேவைப்படும் நேரத்தில் மறைவு இல்லாமல் போகிறது என்பதே இந்தக் கட்டுரையின் பிரச்சினை. அதற்கு நாங்கள் கண்ட விடை, ஆண்டு தோறும் தானாகத் தழைத்து உயர்ந்து நிற்கும் புல்.

மைத்துனரும் நானும் சேர்ந்து வைத்திருக்கும் நிலம் 40 ஏக்கர். அமெரிக்காவின் இப்பகுதியில் நிலம் ஒரு மைல் சதுரங்களாக அளந்து பிரிக்கப்பட்டிருக்கிறது. ஒரு சதுரம் 640 ஏக்கர். அதில் பதினாறில் ஒரு பங்கு 40 ஏக்கர். ஆகவே ஒரு 40 ஏக்கர் துண்டின் ஒரு பக்கம் கால் மைல், அதாவது 1,320 அடி நீளம். எங்கள் நிலத்தின் தெற்குப் பக்கம் முழுவதும் ஊர்ச்சாலையை ஒட்டியிருக்கிறது. சாலையிலிருந்து பார்த்தால், மான்களுக்கென்று க்ளோவரும் டர்னிப்பும் விதைத்த ஒரு ஏக்கர் தீவன நிலமும், அதற்கு அப்பால் காடு தொடங்கும் விளிம்பும் தெரியும்.

சாலையிலிருந்து நிலத்தைப் பார்ப்பவர்கள் இரண்டு வகை. வண்டியிலிருந்து இறங்காமலேயே சுட்டுவிட்டுப் போகிறவர்கள் ஒரு வகை. அது சட்டவிரோதம் என்று எல்லோருக்கும் தெரியும். ஆனாலும் ஒரு பெரிய கிடா அந்தி வேளையில் திறந்த வெளியில் நிற்பது தெரிந்தால் அந்தச் சபலம் சிலரை விடுவதில்லை. இன்னொரு வகையினர் எந்தத் தீய எண்ணமும் இல்லாதவர்கள். மானைக் கண்டதும் வண்டியை மெதுவாக்கி, நிறுத்தி, கண்ணாடியை இறக்கிப் பார்த்துவிட்டுப் போவார்கள். கெடுதல் செய்வதில் இவர்கள் முதல் வகையினருக்குக் குறைந்தவர்கள் அல்லர் என்பது என் எண்ணம். ஓடிக்கொண்டே போகும் வண்டியை மான் பொருட்படுத்தாது. நிற்கும் வண்டியைத்தான் அது கவனிக்கிறது. நின்ற வண்டியைப் பார்த்துத் தலை தூக்கிய மான், அது போன பின்பும் நெடுநேரம் மேய்ச்சலுக்குத் திரும்பாது. அடிக்கடி அப்படி நடந்தால், அந்தத் தீவன நிலத்துக்கு இருட்டிய பிறகு மட்டும் வரத் தொடங்கிவிடும். இருட்டில் வரும் மான் வேட்டைக்காரனுக்கு இல்லாத மான்.

மூன்றாவதாக ஒருவர் இருக்கிறார். அவர் நிலத்துக்கு உரியவரேதான். பரணுக்குப் போகவும் பரணிலிருந்து இறங்கி வரவும் அவர் நடக்கும் பாதை மான்களின் கண்ணுக்கு நேராக இருந்தால், அவருடைய நிலத்தைக் கலைப்பவர்களில் அவரே முதல்வர். வெள்ளைவால் மானின் கண்ணில் நிறம் அறியும் கூம்புச் செல்கள் இரண்டு வகை, நமக்கு மூன்று. அதனால் துப்பாக்கிப் பருவத்தில் நாம் அணியும் ஒளிரும் ஆரஞ்சு நிறம் அதற்கு மங்கலாகவே தெரியும். ஆனால் தலையின் இருபுறமும் அமைந்த கண்களால் அது தன்னைச் சுற்றியுள்ள வெளியில் பெரும்பகுதியைத் தலை திருப்பாமலே பார்க்கிறது. மங்கிய ஒளியிலும் அசைவைக் கண்டுகொள்கிறது. மனிதன் நடக்கும்போது இரண்டு கால்களும் கத்தரி போல் மாறி மாறி அசையும் அந்த அசைவு அதற்கு மிக நன்றாகத் தெரிந்த ஒன்று. நெருக்கமாக நிற்கும் புல்தட்டைகளுக்குப் பின்னால் நடந்தால் அந்த அசைவு துண்டு துண்டாகி மறைந்துவிடுகிறது. புல் மறைப்பின் பாதிப் பயன் சாலைக்காக என்றால், மறு பாதி இந்தப் பாதைக்காக.

மரம் நடலாமே என்று கேட்பார்கள். நார்வே ஸ்புரூஸ் நல்ல மறைப்புத்தான், ஆனால் அது பயன்தரும் உயரத்தை எட்ட ஏறக்குறைய பத்தாண்டு ஆகும். வேலிக்கென்று பலர் நடும் வெள்ளை சீடர் மரம் குளிர்காலத்தில் மானுக்கு மிகப் பிடித்த உணவு. மானிடமிருந்து மறைக்க நட்ட வேலியை மானே தின்று தீர்த்துவிடும். உயரமான புல்லில் மானுக்கு அந்த நாட்டம் இல்லை. கொழுந்தைச் சற்றுக் கடித்துப் பார்க்கும், அவ்வளவுதான்.

மறைப்புப் புல்லைப் பற்றிப் பேசுகிறவர்கள் பெரும்பாலும் உயரத்தைப் பற்றியே பேசுகிறார்கள். ஆகஸ்ட் மாதத்தில் எடுத்த படத்தைக் காட்டி, பத்தடி, பன்னிரண்டு அடி என்று சொல்கிறார்கள். ஆகஸ்டில் எங்கள் ஊரில் எல்லாமே உயரமாகத்தான் இருக்கும். அந்த மாதத்தில் மறைப்புக்கு யாருக்கும் தேவை இல்லை. ஒரு புல்லை மதிப்பிட வேண்டிய காலம் நவம்பர் நடுவிலிருந்து ஜனவரி வரை. விஸ்கான்சினில் ஒன்பது நாள் துப்பாக்கிப் பருவம், நவம்பரின் நான்காவது வியாழனான தேங்க்ஸ்கிவிங் நாளுக்கு முந்தைய சனிக்கிழமை தொடங்குகிறது. வில் வேட்டை அதற்கு வெகு முன்பே செப்டம்பரில் தொடங்கி ஜனவரி வரை நீள்கிறது. அதற்குள் ஈரப்பனி ஒரு முறையாவது கொட்டியிருக்கும். மழையாக விழுந்து தட்டையின் மேலேயே உறையும் பனி அதைவிடக் கொடியது. இவற்றையெல்லாம் தாங்கி நெஞ்சுயரத்துக்கு மேல் நிற்கும் ஆறடிப் புல், முதல் பனிக்கே மடங்கி விழும் பன்னிரண்டு அடிப் புல்லைவிட மேலானது.

இந்தச் சோதனையில் எளிதாகத் தோற்பது எகிப்து கோதுமை என்ற பெயரில் விற்கப்படுவது. பெயரில்தான் கோதுமை, செடி சோளக் குடும்பத்தைச் சேர்ந்தது. ஒரே கோடையில் பத்தடி வளர்ந்துவிடும் என்பதால் பலருக்கு அதன்மேல் ஆசை. ஆனால் ஆண்டு தோறும் உழுது, விதைத்து, தழைச்சத்து கொடுத்தாக வேண்டும். கதிர் கனம் தாங்காமல் பனிக்குச் சாய்ந்துவிடும். ஒரு பருவத்துக்கு மட்டும் அவசரமாக மறைப்பு தேவைப்படுபவருக்கு அது போதும். நிலத்தை நீண்ட காலம் வைத்திருக்க எண்ணுபவர் பல்லாண்டுப் புல்லுக்குத்தான் வர வேண்டும்.

பல்லாண்டுப் புற்களில் என் முதல் விருப்பம் ஸ்விட்ச்கிராஸ். நம் ஊர்ச் சாமையும் பனிவரகும் இதே பேரினத்தைச் சேர்ந்தவை. விதையைக் கையில் கொட்டிப் பார்த்தால் உமியோடு கூடிய சாமையை விடச் சிறிதாக, வழவழப்பாக, பளபளவென்று இருக்கும். ஒரு பவுண்டில் ஏறக்குறைய இரண்டரை லட்சம் விதைகள் அடங்கும். 1837-இல் ஜான் டியர் எஃகுக் கொழு பொருத்திய கலப்பையை உருவாக்கி, அது பரவி, உயர்புல் வெளிகள் உழவு நிலங்களாக மாறும் முன்பு, பெரும் நீலத்தண்டுப் புல்லுடனும் இந்தியன் கிராஸுடனும் சேர்ந்து இந்த மாநிலங்களை மூடியிருந்த புல் இது. 2006-இல் அமெரிக்க அதிபர் ஜார்ஜ் புஷ் நாடாளுமன்றத்தில் ஆற்றிய ஆண்டு உரையில் எத்தனால் தயாரிப்புக்கு உரியதாக இதன் பெயரைச் சொன்னபோதுதான் நகரத்தில் இருந்தவர்கள் பலர் இதை முதன்முதலாகக் கேள்விப்பட்டார்கள். வேட்டை நிலம் வைத்திருந்தவர்களுக்கும், 1985-ஆம் ஆண்டு வேளாண் சட்டத்தின் கீழ் மண் அரிக்கும் நிலங்களைப் புல்வெளியாக்கி அரசிடம் வாடகை பெற்ற உழவர்களுக்கும் அது முன்பே பழக்கமானது.

இதில் ரகம் பார்த்து வாங்க வேண்டும். மேட்டு நிலத்துக்குரியவை, தாழ்நிலத்துக்குரியவை என்று இரு பிரிவுகள் உண்டு. ஓக்லஹோமாவிலிருந்து சேகரிக்கப்பட்டு வளர்க்கப்பட்ட கான்லோ தாழ்நில ரகம். தண்டு தடிமனாக, உயரமாக வளரும், ஆனால் வடக்கே போகப் போக அதன் குளிர் தாங்கும் வலிமை போதாமல் போகலாம். இல்லினாயில் ஒஹாயோ ஆற்றங்கரையில் உள்ள கேவ்-இன்-ராக் என்ற ஊருக்கு அருகில் கிடைத்த விதையிலிருந்து வந்த ரகம் அந்த ஊரின் பெயராலேயே அழைக்கப்படுகிறது. ஆறடி வாக்கில் வளர்ந்து, பனியில் மடங்கினாலும் வெயில் பட்டதும் பெருமளவு நிமிர்ந்துவிடும் தன்மை அதற்கு உண்டு. எங்கள் நிலத்தின் உட்பாதை ஓரங்களில் நிற்பது இதுதான்.

விதைக்கும் காலம் பலரை வியக்க வைக்கும். இதன் விதைக்கு உறக்கம் உண்டு. பல வாரங்கள் குளிரும் ஈரமும் பட்டால்தான் அந்த உறக்கம் கலையும். ஆகவே பிப்ரவரி கடைசியிலோ மார்ச்சிலோ, நிலம் இரவில் உறைந்து பகலில் இளகும் நாட்களில், உறைந்த மண்ணின் மேலேயே விதையைத் தூவிவிட வேண்டும். உறைவதும் இளகுவதுமாக மண் வெடித்து மூடும்போது விதை தானாக உள்ளே இறங்கும். கால் அங்குல ஆழத்துக்கு மேல் போனால் அது முளைத்து வெளியே வருவது சிரமம் என்பதால் உழுது மூடுவதைவிட இந்த முறை நல்லது. விதைப் பையில் எழுதியிருக்கும் எடையை அப்படியே நம்பிவிடக் கூடாது. தூய்மையையும் உயிருள்ள விதையின் விகிதத்தையும் பெருக்கிப் பார்க்க வேண்டும். தூய்மை 95 சதவீதம், உயிருள்ளவை 80 சதவீதம் என்றால், பத்துப் பவுண்டு பையில் நம் கணக்குக்கு வருவது 7.6 பவுண்டு. ஏக்கருக்கு அந்தக் கணக்கில் ஆறு பவுண்டு போதும். 1,320 அடி நீளத்துக்கு 30 அடி அகலப் பட்டை என்றால் 0.9 ஏக்கர் வருகிறது. ஐந்தரைப் பவுண்டுக்குள் வேலை முடிந்துவிடும். அடர்த்தியாக விதைத்தால் சீக்கிரம் மறைக்கும் என்று எண்ணி இரட்டிப்பாகத் தூவுகிறவர்கள் உண்டு. நெருக்கத்தில் தண்டு மெலிந்து, பனிக்குச் சாயும். தழைச்சத்து அதிகமானாலும் அதே விளைவுதான். முதல் ஆண்டு தழைச்சத்து போட்டால் அதைத் தின்று கொழுப்பது களைதான்.

களையைப் பற்றி எவ்வளவு சொன்னாலும் தகும், ஏனென்றால் இந்த வேலையில் வெற்றியும் தோல்வியும் விதைப்பதற்கு முன்பே முடிவாகிவிடுகின்றன. விதைக்கப் போகும் பட்டையில் உள்ள பழைய புல்லை முந்தைய இலையுதிர் காலத்திலேயே கிளைபோசேட் என்ற களைக்கொல்லியைத் தெளித்து அழிக்க வேண்டும். வசந்தத்தில் மீண்டும் துளிர்ப்பதை இன்னொரு முறை. இதில் இயற்கையே ஒரு வாசலைத் திறந்து வைத்திருக்கிறது. எங்கள் ஊர்க் களைப் புற்களில் பெரும்பாலானவை குளிர்காலப் புற்கள், ஏப்ரலிலேயே பச்சை கட்டிவிடும். ஸ்விட்ச்கிராஸ் வெயில் காலப் புல். மண் சூடேறும் மே மாதம் வரை உறங்கும். இரண்டுக்கும் இடையிலுள்ள அந்தச் சில வாரங்களில் தெளித்தால் களை சாகும், நம் புல்லுக்கு ஒன்றும் ஆகாது. கோடையில் நரிவால் புல் எழும்பி நாற்றை மூடினால், ஆறு அங்குலத்துக்கு மேலே தலையைச் சீவிவிட வேண்டும். முதல் ஆண்டு ஆகஸ்டில் போய்ப் பார்த்தால் பட்டை முழுவதும் களையாகத் தெரியும். குனிந்து, களையை விலக்கிப் பார்த்தால் அடியில் ஒல்லியான நாற்றுகள் நிற்கும். ஒரு நாற்றைப் பிடித்து இலையும் தண்டும் சேரும் இடத்தை விரித்துப் பார்க்க வேண்டும். அங்கே வெண்மையான மெல்லிய மயிர்க்கற்றை முக்கோணமாக இருந்தால் அது ஸ்விட்ச்கிராஸ்தான். அந்தச் செடி தன் பலத்தை எல்லாம் வேருக்குள் இறக்கிக்கொண்டிருக்கிறது. நன்கு வேரூன்றிய ஸ்விட்ச்கிராஸின் வேர் பத்தடி ஆழம் வரை போகக்கூடியது. முதல் ஆண்டு தூங்கும், இரண்டாம் ஆண்டு தவழும், மூன்றாம் ஆண்டு தாவும் என்று பக்கத்து நிலத்துப் பெரியவர் எங்களுக்குச் சொன்னது இந்த ஊரில் எல்லோரும் சொல்வதுதான். மூன்றாம் ஆண்டு வரும்வரை அதை நம்புவது கடினம்.

அடுத்தது மிஸ்காந்தஸ் ஜைகான்டியஸ். இது கரும்புக்கு மிக நெருங்கிய உறவு, பார்த்தாலும் அப்படித்தான் இருக்கும். இரண்டு ஆசிய இனங்கள் இயற்கையில் கலந்து பிறந்த கலப்பினம். 1935-இல் அக்செல் ஓல்சன் என்பவர் ஜப்பானின் யோக்கோஹாமாவிலிருந்து டென்மார்க்குக்குக் கொண்டுசென்ற செடியிலிருந்து இது ஐரோப்பாவில் பரவியது. பின்னர் இல்லினாய் பல்கலைக்கழகம் இதை எரிபொருள் பயிராக விரிவாக ஆராய்ந்தது. தாய் இனங்களில் ஒன்றுக்கு 38 குரோமோசோம்கள், மற்றதற்கு 76, இதற்கு 57. மூன்று தொகுதிகளாக நிற்கும் குரோமோசோம்கள் ஒழுங்காகப் பிரிய முடியாததால் இது பூத்தாலும் முளைக்கும் விதை வைப்பதில்லை. தமிழ்நாட்டில் கால்நடை வளர்ப்பவர்கள் கரணையாக வெட்டி நடும் கம்பு நேப்பியர் புல்லும் இதே காரணத்தால்தான் விதை தருவதில்லை. மிஸ்காந்தஸுக்குக் கிழங்குத் துண்டு நட வேண்டும்: மூன்று, நான்கு அங்குல ஆழத்தில், மூன்றடிக்கு ஒன்று, இரண்டு வரிசையாக, ஒரு வரிசையின் இடைவெளிக்கு நேரே மறு வரிசையின் கிழங்கு வரும்படி. 1,320 அடிக்கு வரிசைக்கு 440, இரண்டுக்கும் சேர்த்து 880 துண்டுகள். குனிந்து நட்டு முடிக்கும்போது முதுகுக்குத் தெரியும்.

பலன் பெரிது. மூன்றாம் ஆண்டு தூர் கட்டி, பத்தடி, பன்னிரண்டு அடி உயரத்தில் சுவராக எழும்பும். இலைகள் குளிர்காலத்தில் உதிர்ந்தாலும் மூங்கில் குச்சி போன்ற தட்டைகள் விறைப்பாக நின்றுகொண்டிருக்கும். ஆனால் இதற்கு ஒரு கண்டம் உண்டு, அது முதல் குளிர்காலம். புதிதாக நட்ட கிழங்கைச் சுற்றியுள்ள மண் உறைநிலைக்குச் சில பாகை கீழே இறங்கினாலே கிழங்கு செத்துப்போகிறது. பனி போர்வையாக மூடியிருந்தால் மண் அவ்வளவு குளிராது; பனி விழாமல் வெறும் குளிர் மட்டும் அடிக்கும் டிசம்பர்தான் ஆபத்து. அதனால் மே மாதத் தொடக்கத்திலேயே நட்டு, கிழங்கு பெருக்க ஒரு கோடை முழுவதையும் அதற்குக் கொடுத்து, நவம்பரில் வரிசையின் மேல் வைக்கோலைக் கனமாகப் பரப்பிவிட வேண்டும். செத்த இடங்களில் அடுத்த வசந்தத்தில் புதுக் கிழங்கு நட்டு நிரப்புவது எல்லோரும் செய்யும் வேலை.

வாங்கும் இடத்தில் கவனம் தேவை. இதன் தாய் இனங்கள் இரண்டும் அலங்காரப் புல்லாக விற்கப்படுகின்றன. அவை விதை வைத்தும் கிழங்கு ஓட்டியும் சாலையோரங்களிலும் காட்டு விளிம்புகளிலும் பரவி உள்ளூர்ப் புல்லை அழிக்கின்றன. யாராவது மிஸ்காந்தஸ் விதை விற்றால், அது மலட்டுக் கலப்பினம் அல்ல என்று அதிலிருந்தே தெரிந்துகொள்ளலாம், வாங்கவே கூடாது. தெற்கு மாநிலங்களில் சிலர் மறைப்புக்காக ஆசைப்படும் பெருநாணல் கலிபோர்னியாவிலும் டெக்சாஸிலும் ஆற்றங்கரைகளை அடைத்துக்கொண்ட கதையை அறிந்தவர்கள் உயரத்துக்காக எதையும் நட மாட்டார்கள்.

எங்கள் நிலத்தில் சாலையோரக் கோட்டுக்கு மட்டும் மிஸ்காந்தஸ். உள்ளே எல்லாம் ஸ்விட்ச்கிராஸ். சாலைக்கு வேண்டியது குறுகிய இடத்தில் உயர்ந்த சுவர். அதை இரண்டு வரிசை மிஸ்காந்தஸ் தருகிறது. உள்ளே வேண்டியது அகலமான, மான் நுழைந்து படுக்கக்கூடிய, காட்டுக்கோழியும் முயலும் பனிக்கு ஒதுங்கக்கூடிய புல்வெளி. அதைத் தர இந்த மண்ணில் பிறந்த புல்லுக்கே உரிமை அதிகம் என்பது என் உறுதியான கருத்து.

பாதையை அமைப்பதில் காற்றை மறந்துவிடக் கூடாது. புல் பார்வையை மறைக்கும், வாடையை மறைக்காது. இலையுதிர் காலத்தில் எங்களுக்குப் பெரும்பாலும் மேற்கு, வடமேற்குக் காற்று. ஆகவே பரணுக்குப் போகும் பாதை தீவன நிலத்துக்குக் கிழக்கே சுற்றிப் போகிறது. பாதையின் இருபுறமும் புல் தேவை இல்லை. மான் இருக்கும் பக்கம் போதும். பாதை பரணை அடையும் இடத்தில் புல்லை நேராக முடிக்காமல் ஒரு வளைவு கொடுத்து முடித்தால், ஏணியில் ஏறும் அந்த நேரமும் மறைந்துபோகிறது. ஏறும்போதுதான் பலர் மானின் கண்ணில் படுகிறார்கள்.

பராமரிப்பு அதிகம் இல்லை. மிஸ்காந்தஸின் பழைய தட்டையை மார்ச் கடைசியில், புதுக் குருத்து தலைகாட்டும் முன், அடியோடு வெட்டிவிட்டால் மறுதாம்பு சீராக வரும். வெட்டாமல் விட்டாலும் வளரும், ஆனால் பழைய தட்டை அடைசலாகும். ஸ்விட்ச்கிராஸை மூன்று, நான்கு ஆண்டுகளுக்கு ஒரு முறை ஏப்ரலில் எரிப்பது அதற்கு நல்லது. அனுமதி பெற்று, தீத்தடுப்புப் பட்டை வெட்டி, காற்று அடங்கிய நாளில், ஆட்களை வைத்துக்கொண்டு செய்ய வேண்டும். காய்ந்த மிஸ்காந்தஸ் எரியும் வேகம் வேறு. அதன் சுடர் தட்டையின் உயரத்தைப் போல் பல மடங்கு எழும் என்பதால் அதை நாங்கள் வெட்டுகிறோமே தவிர, எரிப்பதில்லை. தங்கும் குடிலுக்கு அருகே நடவும் இல்லை. மே நடுவிலிருந்து ஆகஸ்ட் தொடக்கம் வரை நன்றாக வளர்ந்த புல்லுக்குள் எந்த இயந்திரமும் போகக் கூடாது. தரையில் கூடு கட்டும் பறவைகளின் காலம் அது. மே கடைசியில் பிறக்கும் மான்குட்டிகளைத் தாய்கள் இந்தப் புல்லுக்குள்தான் படுக்க வைத்துவிட்டு மேயப் போகின்றன. ஆபத்து வந்தாலும் குட்டி எழுந்து ஓடாமல் அசையாது கிடக்கும். வெட்டும் இயந்திரத்தின் முன்னும் அப்படியேதான் கிடக்கும்.

இப்போது எங்களுக்கு எஞ்சியிருப்பது கிழக்கு எல்லை. அங்கே ஒரு சிற்றோடை ஓடுகிறது. பனி உருகும் மார்ச்சிலும் ஜூன் மழையிலும் கரை அரிக்கும். மைத்துனர் அந்தப் பக்கமும் மிஸ்காந்தஸ் நட்டால் இரண்டு வரிசையில் வேலை முடியும் என்கிறார். விதை வைக்காவிட்டாலும், வெள்ளம் பெயர்த்த ஒரு கிழங்குத் துண்டு ஓடையோடு போய்க் கீழே யாரோ ஒருவருடைய கரையில் வேர்பிடிக்கும். அதனால் அந்த எல்லைக்கு 30 அடிப் பட்டையாக கேவ்-இன்-ராக் விதைப்பது என்று பேசி முடித்திருக்கிறோம். பழைய புல்லை இந்த அக்டோபரில் தெளித்தாயிற்று. ஓடைக் கரையை ஒட்டிய பகுதியில் மட்டும் மருந்து படாமல் கையால் வெட்டினோம். விதை பிப்ரவரி கடைசியில்.